வேலையை விடுவது ஒரு கணக்கு, மாநிலம் மாறுவது வேறு கணக்கு

பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், கணவனுக்கோ மனைவிக்கோ நாற்பத்தைந்து வயது தாண்டியதும் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. "இங்கே மாசம் லட்சத்துக்கு மேல போகுது. கோயம்புத்தூர் போயிட்டா எழுபதாயிரத்துல ஓட்டிடலாம். இருக்கிற பணத்துக்கு இன்னும் எதுக்கு இந்த வேலை?"

எழுபதாயிரம் என்ற மதிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாடகை, பால், காய்கறி, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் சொந்தக்காரர்களிடம் விசாரித்துத்தான் சொல்கிறார்கள். கோளாறு, ஒப்பிடும் இடத்தில் இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு பெங்களூருவில் வாழும் செலவை ஒரு பக்கம் எழுதி, சம்பளமில்லாமல் கோவையில் வாழும் செலவை இன்னொரு பக்கம் எழுதி, இடையில் உள்ள வித்தியாசம் முழுவதையும் ஊரின் பேரில் வரவு வைத்துவிடுகிறார்கள். வேலையை விட்டதால் குறைவது எவ்வளவு, ஊர் மாறியதால் குறைவது எவ்வளவு என்று பிரிப்பதில்லை. வேலையை விட்டதாலேயே புதிதாக முளைக்கும் செலவுகளோ எந்தப் பக்கத்திலும் ஏறாமல் போகின்றன.

அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். பெங்களூருவிலிருந்து கோவை என்ற ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். ஹைதராபாத்திலிருந்து மதுரைக்கோ, சென்னையிலிருந்து மைசூருக்கோ, மும்பையிலிருந்து பாலக்காட்டுக்கோ போகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

மூன்று பத்தி போடுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரியுங்கள். முதல் பத்தி, இப்போது வேலையோடு இங்கே ஆகும் செலவு. இரண்டாவது, வேலை இல்லாமல் இதே மாநிலத்தில் இருந்தால் ஆகும் செலவு. மூன்றாவது, வேலை இல்லாமல் புது ஊரில். எல்லோரும் விட்டுவிடுவது இரண்டாவது பத்தியை. அதை எழுதினால்தான் மாநிலம் மாறுவதன் உண்மையான லாபம் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவருக்கு 48, மனைவிக்கு 45, மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். வாடகை வீடு, அலுவலகத்துக்குப் பக்கத்தில். தொகைகள் கற்பனையானவை, உங்கள் வீட்டுத் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகையும் பராமரிப்பும்: 45,000 / 30,000 / 22,000
மளிகை, பால், காய்கறி: 18,000 / 18,000 / 17,000
மின்சாரம், கேஸ், தண்ணீர், இணையம்: 5,000 / 5,500 / 6,500
வீட்டு வேலைக்கு ஆள், சமையல் ஆள்: 9,000 / 6,000 / 5,000
பள்ளி: 16,000 / 16,000 / 11,000
பெட்ரோல், ஆட்டோ, பஸ்: 8,000 / 4,000 / 4,000
வெளிச் சாப்பாடு, துணிமணி, மற்றவை: 11,000 / 9,000 / 8,000
மருத்துவக் காப்பீடு: இல்லை / 5,500 / 5,500
ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் ரிப்பேர் ஒதுக்கீடு: இல்லை / 6,000 / 6,000
பகல் முழுதும் கையில் இருக்கும் நேரத்தின் செலவு: இல்லை / 5,000 / 5,000
பெங்களூருக்குப் போய்வர: இல்லை / இல்லை / 4,500
மொத்தம்: 1,12,000 / 1,05,000 / 94,500

முதல் பத்தியில் "இல்லை" என்று இருப்பவற்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காப்பீட்டைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. ஃபிரிட்ஜ் போனால் போனஸில் வாங்கினோம், அதனால் அது மாதச் செலவாகக் கண்ணில் படவே இல்லை. பகல் நேரத்தை அலுவலகம் எடுத்துக்கொண்டது. வேலையை விட்ட மறுமாதம் இந்த மூன்றும் குடும்பக் கணக்குக்கு வந்து சேரும், எந்த மாநிலத்தில் இருந்தாலும் வரும்.

அடுத்து வாடகை வரிசை. 45,000 கொடுத்தது அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்காக. அந்தத் தேவை முடிந்த பிறகு, பெங்களூருவின் இன்னொரு முனையில் 30,000 ரூபாய்க்கு இதே அளவு வீடு கிடைக்கலாம். அப்படியானால் 15,000 ரூபாய் மிச்சத்துக்கு மாநில எல்லையைத் தாண்டவே வேண்டாம். கோவை தருவது அதற்கு மேல் 8,000. அதிலும் பாதிக்கு மேல், நண்பர்களையும் உறவினரையும் பார்க்கப் பெங்களூரு போய்வரும் ரயில் டிக்கெட்டிலும் தங்கும் செலவிலும் போய்விடுகிறது. இருபது வருடம் வாழ்ந்த ஊரை யாரும் ஒரேயடியாக விட்டுவிட முடியாது. கல்யாணம், காதுகுத்து, பழைய டாக்டர், நிலுவையில் இருக்கும் கோர்ட் வேலை என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த வரிசையை வெட்கப்படாமல் எழுதுங்கள்.

ஆக, முதலுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 17,500. அதில் மாநிலம் மாறியதால் வந்தது 10,500 மட்டும்.

மாதம் ஆயிரம் என்றால் நாலு லட்சம்

இந்த 10,500-க்கு என்ன மதிப்பு? அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட கணக்கு உலகம் முழுதும் பிரபலம்: ஓய்வுபெறும் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால், 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும். அது அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து, முப்பது ஆண்டு வாழ்க்கைக்குப் போட்டது. நாற்பத்தெட்டில் வேலையை விடுகிறவருக்கு நாற்பது ஆண்டு பாக்கி இருக்கலாம். நம் விலைவாசியும் அவர்களுடையதைவிட வேகமாக ஏறுவது. எனவே 3 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

3 சதவீதம் என்றால், மாதம் 1,000 ரூபாய்ச் செலவுக்கு 4 லட்சம் ரூபாய்ச் சேமிப்பு வேண்டும். ஆண்டுக்கு 12,000, அது 4 லட்சத்தில் 3 சதவீதம். இந்த ஒரு மாற்று விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மாதச் செலவையும் ஒருமுறைச் செலவையும் ஒரே தராசில் வைக்கலாம். முன்பு சொன்ன 15,000 ரூபாய் வாடகைக் குறைவு, அதாவது பெங்களூருக்குள்ளேயே வீடு மாறுவது, 60 லட்சத்துக்குச் சமம்.

மாநிலம் மாறுவதால் வரும் 10,500-ஐ அப்படியே 42 லட்சம் என்று எழுதிவிடக் கூடாது. அதில் 5,000 பள்ளிக் கட்டண வித்தியாசம். மகள் இன்னும் நான்கு ஆண்டுதான் பள்ளியில் இருப்பாள். 5,000 வீதம் 48 மாதம், ஆக 2 லட்சத்து 40 ஆயிரம், அவ்வளவுதான். ஆயுள் முழுக்க நிற்கும் மிச்சம் 5,500. அதன் மதிப்பு 22 லட்சம். கடைசிவரை வரும் செலவுக்கு மட்டும் நாலு லட்சத்தால் பெருக்குங்கள். நடுவில் முடிந்துபோகும் செலவை மாதத்தை எண்ணிக் கூட்டுங்கள்.

22 லட்சம் சின்னத் தொகை இல்லை. மாதம் ஒரு லட்சம் சேமிக்க முடிகிற வீட்டுக்கு அது ஏறத்தாழ இரண்டு வருட உழைப்பு. ஆனால் "பாதிச் செலவில் வாழலாம்" என்று புறப்படும்போது மனத்தில் இருந்த தொகை இதுவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் செலவு பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும். இன்று 48 வயதில் 90,000 என்றால் 60 வயதில் 1,80,000, 72 வயதில் 3,60,000. இன்றைக்கு மலிவாக இருக்கும் ஊர் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் அதே அளவுக்கு மலிவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஐ.டி. பூங்கா, புறவழிச்சாலை, விமான நிலைய விரிவாக்கம் என்று வளர்ந்துகொண்டிருக்கும் ஊர்களில் வாடகைதான் முதலில் ஏறும்.

வரியில் பெரிதாக எதுவும் மாறாது

அமெரிக்காவில் ஓய்வுக்கு மாநிலம் மாறுவதில் வருமான வரி பெரிய காரணம். டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரியே கிடையாது. அங்கே எழுதப்பட்ட புத்தகங்களைப் படித்துவிட்டு நம் ஊரில் அதைத் தேட வேண்டாம். இங்கே வருமான வரி மத்திய அரசினுடையது. பங்கு, பங்குசார் மியூச்சுவல் ஃபண்ட் விற்ற நீண்டகால லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு. இது கோவையிலும் பெங்களூருவிலும் ஒன்றுதான். மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வசூலிக்கும் தொழில் வரிக்கு அரசியல் சாசனமே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சம்பளம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பெட்ரோல் விலை வித்தியாசம் லிட்டருக்குச் சில ரூபாய். அலுவலகம் போகாதவருக்கு அதில் ஒன்றுமில்லை.

மருத்துவக் காப்பீட்டை மூன்று ஆண்டு முன்பே வாங்குங்கள்

இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கம்பெனிக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துபோகும். நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத தம்பதி குறைவு. புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 முதல் அது அதிகபட்சம் மூன்று ஆண்டு. வேலையை விட்ட பிறகு பாலிசி எடுத்தால், அந்த மூன்று ஆண்டும் சர்க்கரை சார்ந்த சிக்கலுக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட்டால், காத்திருப்பு ஓடி முடியும்வரை கம்பெனிப் பாலிசி தாங்கிக்கொள்ளும். நாற்பத்தெட்டில் விடுவது என்று முடிவானால் நாற்பத்தைந்தில் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் இருந்தது.

மூன்று ஆண்டு அவகாசம் இல்லாதவர்கள், கம்பெனியின் குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அப்படி மாறினால் குழுவில் இருந்த காலம் காத்திருப்பில் கழியும். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே எச்.ஆர். பிரிவில் கேட்டுத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் கதவு மூடியிருக்கும்.

இடம் மாறுவதற்கும் காப்பீட்டுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. பல நிறுவனங்கள் ஊர்களை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் வைக்கின்றன. பெருநகரத்துக்கு ஒரு விலை, சிறு நகரத்துக்குக் குறைந்த விலை. முகவரி மாற்றினால் பிரீமியம் இறங்கும், சந்தோஷமாக இருக்கும். சில பாலிசிகளில், குறைந்த மண்டலத்துப் பிரீமியம் கட்டிவிட்டு மேல் மண்டலத்து ஊரில் சிகிச்சை பெற்றால், பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். சின்ன ஊருக்குக் குடிபோகிறவர்கள் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பெரிய நகரத்துக்குத்தான் போவார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சத்துக்காக அந்தப் பங்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மண்டலக் கட்டுப்பாடு இல்லாத பாலிசியையோ மேல் மண்டலப் பிரீமியத்தையோ கேட்டு வாங்குங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதும் மருத்துவமனைதான் முதல் கேள்வி. கோவை, மதுரை, வேலூர், புதுச்சேரி ஆகியவை இந்த விஷயத்தில் தங்கள் அளவுக்கு மீறிய வசதி கொண்டவை. வேலூரில் சி.எம்.சி., மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் என்று நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடிவரும் இடங்கள் அங்கே இருக்கின்றன. பாலக்காட்டில் குடியிருப்பவர்களுக்குக் கோவை பக்கம். சொந்தக் கிராமத்துக்கே திரும்புகிறவர்கள், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், எத்தனை நிமிடத்தில் என்பதை ஒருமுறை உண்மையாகவே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வெயிலும் தண்ணீரும்

பெங்களூருவில் மின்விசிறி போதும். திருச்சியிலும் மதுரையிலும் சித்திரை மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் அது போதாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் கோவை கொஞ்சம் பரவாயில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். அதைக் கேட்டு மகிழ்பவர்கள் 500 என்ற கோட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளோடு கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ஒன்றரை டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஏழு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் அறுபது நாளில் 420. ஃபிரிட்ஜும் மோட்டாரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அலுவலகம் போகாத ஒருவர் பகலிலும் வீட்டில் இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கர்நாடகத்தில் 2023 முதல் நடப்பில் உள்ள கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை, வீட்டின் பழைய சராசரியை ஒட்டி, கட்டணம் இல்லை. அதை அனுபவித்துக்கொண்டிருக்கும் வீடு, மூன்றாவது பத்தியில் மின்சாரத்தைத் தாராளமாகவே போட வேண்டும். கர்நாடகத்தில் பெண்களுக்கான இலவசப் பேருந்துத் திட்டம் அந்த மாநிலத்தவருக்கு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை அரசியல் மாறினால் மாறக்கூடியவை. நாற்பது ஆண்டுக் கணக்கில் இவற்றை நம்பி ஒரு ரூபாய்கூட வைக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அடுக்குமாடி என்றால் வாசலில் இருக்கும் காவலாளியிடம் ஒரு நோட்டு இருக்கும். டேங்கர் லாரி வந்த நேரம், வண்டி எண், லிட்டர், யார் கையெழுத்து என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஏப்ரல், மே மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நாளுக்கு ஒரு வரியா, ஆறு வரியா? பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறப்போகிறது என்பது அந்தப் பக்கங்களிலேயே இருக்கிறது. தனி வீடு என்றால் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். கோவையிலேயே சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதிக்கும் போர்வெல்லை நம்பி நிற்கும் புறநகருக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு மாநிலங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது.

பிள்ளையின் படிப்பு ஆண்டைப் பார்த்து மாறுங்கள்

அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு இந்தக் கவலை இல்லை. நாற்பத்தெட்டில் விடுகிறவருக்கு, தவறான வருடத்தில் மாநிலம் மாறினால், வாழ்நாள் மிச்சத்தையே விழுங்கக்கூடிய செலவு இது. அரசுக் கல்லூரி இடமோ அரசு ஒதுக்கீட்டு இடமோ கிடைக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்க நேர்ந்தால், மேலே கண்ட 22 லட்சம் எங்கே போனது என்றே தெரியாது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்த மாணவர்கள் பூர்வீகம் பாராமல் சேரலாம். மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து. வெளியில் படித்தவர்கள், பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர் என்பதைக் காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழோடு வர வேண்டும். கர்நாடகத்தில் ஏழு ஆண்டு படித்திருப்பதோடு, பத்தாவதோ பன்னிரண்டாவதோ அங்கே தேறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. நம் உதாரணக் குடும்பத்து மகளைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் கோவைக்கு வந்தால் கர்நாடக உரிமை போகிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு விதியும் ஒரு வருடத்தில் தவறுகிறது. பெற்றோரின் சான்றிதழ்கள் ஒழுங்காக இருந்தால் பிரச்சினை இல்லை. பெற்றோரே பெங்களூருவில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றால், வீட்டைக் காலி செய்வதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம். விதிகள் ஆண்டுதோறும் வெளியாகும் தகவல் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்தே முடிவெடுங்கள்.

இடஒதுக்கீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் கிடைக்கும் சலுகையைக் குடிபெயர்ந்து போகும் மாநிலத்தின் ஒதுக்கீட்டில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போக நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மொழியும் செலவுதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. வீட்டில் தமிழ் பேசினாலும் கன்னடமும் ஹிந்தியும் படித்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து புதிது. ட்யூஷனுக்குப் பணமும், அதைவிட முக்கியமாக அந்தப் பிள்ளைக்கு ஒரு வருட நிம்மதியும் செலவாகும். பத்தாவது, பன்னிரண்டாவது ஆண்டுகளின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். மகளின் பள்ளி முடியும்வரை இரண்டாவது பத்தியில், அதாவது பெங்களூருவிலேயே குறைந்த வாடகை வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு போவது பல குடும்பங்களுக்கு நல்ல வழி.

காரும் வீடும்

காரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, புது மாநிலத்தில் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டி, அதன் பிறகு பழைய மாநிலத்தில் மீதிக் காலத்து வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். திரும்பி வரும் தொகையைக் கணக்கில் வரவாக எழுதாதீர்கள், வந்தால் நல்லது. எட்டு வருடத்துக்கு மேலான கார் என்றால் புறப்படும் ஊரிலேயே விற்றுவிட்டு, போன ஊரில் அங்கே பதிவான பழைய கார் ஒன்று வாங்குவது சுலபம். ஒரு காருக்கு இரண்டு கார் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றைக் குறைக்கவும் இதுதான் நேரம்.

வீட்டுக்கு வருவோம். போன உடனே வாங்கிவிட வேண்டும் என்ற துடிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கேரளத்தில் 8-உம் 2-உமாகப் பத்து. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 9 சதவீதம் 7 லட்சத்து 20 ஆயிரம். நம் மாற்று விகிதத்தில் அது ஆயுள் முழுக்க மாதம் 1,800 ரூபாய். மாநிலம் மாறியதால் கிடைத்த நிலையான மிச்சம் 5,500 தான் என்பதை நினைவில் வையுங்கள்; அதில் மூன்றில் ஒரு பங்கு பத்திர அலுவலகத்திலேயே முடிந்துவிட்டது. ஊர் பிடிக்காமல் இரண்டு வருடத்தில் விற்றால் இந்தத் தொகை திரும்பாது.

80 லட்சத்தைக் கையில் வைத்து ஆண்டுக்கு 3 சதவீதம் எடுத்தால் மாதம் 20,000 வரும். அந்த வீட்டுக்கு ஏறத்தாழ அந்த அளவுதான் வாடகையும் இருக்கும். எனவே முதல் சில ஆண்டுகள் வாடகையில் இருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. வயது ஏறிய பிறகு, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் இல்லாமல் வாழ்வதற்குச் சொந்த வீடு வேண்டும்தான். அதை ஐம்பத்தைந்தில் வாங்கலாம், ஊரின் எந்தப் பகுதி, எந்த மருத்துவமனைக்குப் பக்கம் என்று தெரிந்த பிறகு. அட்வான்ஸ் விஷயத்தில், தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு எழுதிக்கொள்ள இடம் உண்டு. அதனால் அதற்கு மேலும் கேட்பார்கள். அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குப் போடும்போது, அந்தப் பதினொரு மாதத்துக்குள் ஏப்ரலும் மேயும், ஐப்பசி மழையும் வருகிறதா என்று பாருங்கள். மார்கழியில் போய்ப் பங்குனியில் முடிவெடுப்பது ஆபத்து. அந்த ஆண்டு முழுவதும், மூன்றாவது பத்திக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று போட்டு, உண்மையில் ஆன செலவை மாதாமாதம் எழுதி வாருங்கள். "பகல் நேரச் செலவு", "பெங்களூருக்குப் போய்வர" என்ற இரண்டு வரிசைகள்தான் மதிப்பீட்டைத் தாண்டிப் போகும், அவற்றைக் கவனியுங்கள்.

பெங்களூருவில் சொந்த ஃபிளாட் இருப்பவர்கள் அந்த ஆண்டு அதை விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். விற்ற லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால், விற்றதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கியிருக்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டு. அந்தக் கெடு ஓடத் தொடங்கிவிட்டால், ஊர் பிடித்ததா என்று தெரிவதற்கு முன்பே வரிக்குப் பயந்து எதையாவது வாங்க நேரும். தங்குவது என்று முடிவான பிறகு விற்றால் இரண்டு ஆண்டும் முழுதாகக் கையில் இருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தைச் செலவழிக்க முடியாவிட்டால், வங்கியில் மூலதன லாபக் கணக்கு ஒன்று திறந்து அதில் போட்டு வைக்கலாம். அதற்கான படிவத்தை எல்லா வங்கிக் கிளையிலும் வைத்திருக்க மாட்டார்கள், எனவே விற்பனைப் பத்திரம் பதிவாவதற்கு முன்பே எந்தக் கிளை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.